தூக்கக் கூடாத ஆறு கிழமை

நானும் என் மகனும் குளியலறைத் தரையில், ஈரத்துக்குள் பக்கம் பக்கமாகக் கிடந்த கதையைக் கேட்காத ஆளில்லை. கடைக்குப் போனால் கேட்கிறார்கள். கோயிலில் கேட்கிறார்கள். கிளினிக்கின் நீள வாங்கில் பக்கத்தில் குந்தியிருப்பவர்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று சொல்ல எனக்கு நேரமில்லை. எங்களைப் போல, நடக்க முடியாத பிள்ளையை வளர்க்கும் வீடுகள் இந்த ஊரில் நான் நினைத்ததைவிடக் கனக்க இருக்கின்றன என்பதும் இந்த வருடம்தான் எனக்குத் தெரியவந்தது. அவர்களுக்காக ஒரு தரம் ஒழுங்காக எழுதிவிடுகிறேன். முன்னுக்கே சொல்லிவிடுகிறேன்: நான் சுகமாக இருக்கிறேன், மகனும் சுகம். பயந்து பயந்து வாசிக்கத் தேவையில்லை.

எங்கள் வீடு லிங்கநகரில். முன்னறையில் இருந்து மின்விசிறி, கிரைண்டர், சோறு அவிக்கும் குக்கர் என்று பழுதானவற்றைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். மனைவி சுகந்தி மூதூரில் ஆசிரியை. விடியப்புறம் பஸ் ஏறினால் மத்தியானம் திரும்பித்தான் வருவாள். எங்கள் ஒரே பிள்ளை கபிலனுக்குப் பதின்மூன்று வயது. பிறந்தபோது அவன் மூச்செடுக்கச் சுணங்கிவிட்டான். அதனால் வந்தது மூளை முடக்குவாதம். பெயரைக் கேட்டால் பெரிய பயமாக இருக்கும். விசயம் இதுதான்: கை கால்களில் பிழையில்லை, அவற்றை ஆட்டுவிக்கிற மூளையின் பகுதியில் காயம். அதனால் தசைகள் இறுகி நிற்கும், சொன்னபடி கேட்காது. அந்தக் காயம் வளர்வதுமில்லை, மாறுவதுமில்லை. கபிலனுக்கு வலது கை நன்றாக வேலை செய்யும். பேச்சு மெதுவாக வரும், சின்னச் சின்னச் சொற்களாக. விளக்கத்தில் ஒரு குறையுமில்லை. கிரிக்கெட் நடந்தால் எங்கள் வீட்டில் வேறு எந்தக் கதையும் எடுபடாது.

அவனைக் காலையில் எழுப்புவது, குளிக்கவைப்பது, சாப்பாடு தீத்துவது, சக்கர நாற்காலியில் இருத்துவது எல்லாம் என் பொறுப்பு. சுகந்தியின் வேலை நிரந்தரமானது, என் வேலை வீட்டில். ஆகவே கணக்கு இப்படித்தான் வந்தது. ஆம்பிளை ஒருவன் இதைச் செய்கிறானே என்று ஆரம்பத்தில் ஊர் பார்த்தது. பிறகு பழகிவிட்டது. பழகாத ஒன்று என் உடம்பு. வருடத்துக்கு வருடம் கபிலன் வளர்ந்தான். என் முதுகு வளரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னர் அடிவயிற்றின் வலப்பக்கம், தொடை தொடங்கும் இடத்தில், ஒரு தேசிக்காய் அளவு வீக்கம் கண்டேன். நின்றால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். கிளினிக்கில் காட்டியபோது குடலிறக்கம் என்றார்கள். வயிற்றுச் சுவரில் ஓர் இடம் நைந்துபோய், அந்த வழியால் குடலின் ஒரு மடிப்பு வெளியே தள்ளுகிறது. சைக்கிள் டயர் வெடித்த இடத்தால் டியூப் பிதுங்குமே, அதேதான். பாரம் தூக்குபவர்களுக்கு வரும். டயரை ஒட்டுகிற மாதிரி இதையும் ஒட்டலாம், சின்னச் சத்திரசிகிச்சை, ஆனால் அதற்குப் பிறகு ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். அந்த இடத்தில் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். ஆறு கிழமை நான் தூக்காவிட்டால் கபிலனை யார் தூக்குவது? பள்ளிக்கூட லீவு வரட்டும் என்றேன். லீவு வந்தபோது அடுத்த லீவு என்றேன். இடுப்பில் உடுத்த சாரத்துக்கு உள்ளே ஒரு இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். சுகந்தி சண்டை பிடித்தாள். ஒரு முறை இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அப்போதும் நான் போகவில்லை.

அன்று ஒரு செவ்வாய்க்கிழமை. சுகந்தி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். கபிலனைக் குளிக்கவார்த்துத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக் கதிரையில் இருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கினேன். தூக்கிய கையோடு அடிவயிற்றில் எதுவோ இழுபட்டது. பட்டியையும் தள்ளிக்கொண்டு வந்த வீக்கம் கல்லுப்போல் இறுகி நின்றது. அந்த நோவை எழுத எனக்குச் சொல் இல்லை. கண் இருண்டது. பிள்ளையைப் போடக்கூடாது என்ற ஒரே யோசனையில் சுவரோடு முதுகைச் சாய்த்து, அவனை மடியில் வைத்தபடி மெல்ல மெல்லச் சறுக்கி நிலத்தில் இருந்தேன். பிறகு இருவரும் சரிந்தோம். அவனுக்குக் காயமில்லை. எனக்கு வாந்தி வந்தது. எழும்பப் பார்த்தால் கால் மடங்கியது. போன் முன்னறை மேசையில் கிடந்தது.

கபிலன் என் முகத்தைப் பார்த்தான். அவன் முகத்துக்கும் என் முகத்துக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும். நான் "ஒண்டுமில்லை கபில், கொஞ்சம் பொறு" என்றேன். அவன் நம்பவில்லை. அவனுக்குக் குரலை உயர்த்துவது லேசான காரியமல்ல. மூச்சைச் சேர்த்து, வாயைச் சரிக்கட்டி, பிறகுதான் சத்தம் வரும். அப்படிச் சேர்த்து ஒரு சத்தம் போட்டான். "அக்கா" என்ற சொல்லின் பாதி அது. பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவைத்தான் கூப்பிட்டான். பதில் வரவில்லை. திரும்பவும் மூச்சைச் சேர்த்தான். திரும்பவும் கத்தினான். எத்தனை தரம் என்று எனக்குத் தெரியாது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நின்றது.

பாக்கியம் அக்காவுக்கு முதலாவது சத்தமே கேட்டதாம். எங்கேயோ விக்கெட் விழுந்திருக்கிறது, பிள்ளை கத்துகிறான் என்று நினைத்து அவ தேங்காய் துருவிக்கொண்டே இருந்திருக்கிறா. விடாமல் கேட்டபிறகுதான் ஓடி வந்தா. கடை வீடு என்பதால் வாசல் திறந்தே கிடந்தது. குளியலறைக்குள் எட்டிப் பார்த்தவ, முதலில் கொடியில் கிடந்த துவாயை எடுத்துக் கபிலன் மேல் போட்டா. இன்னொன்றை எடுத்து, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, சாரம் அவிழ்ந்து கிடந்த என் மேல் போட்டா. அதற்குப் பிறகுதான் என்ன நடந்தது என்று கேட்டா. சந்தியில் நின்ற ஓட்டோக்காரத் தம்பியைக் கூட்டிவந்து, கபிலனைக் கட்டிலில் ஏற்றி, என்னை ஓட்டோவில் ஏற்றினா. பிள்ளையை விட்டுப் போகமாட்டேன் என்று நான் ஓட்டோவுக்குள் இருந்துகொண்டு சொன்னேனாம். எனக்கு ஞாபகமில்லை. "நான் நிக்கிறன் தானே, நீங்கள் போங்கோ" என்று அவ சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஓர் இளம் டொக்டர் என்னைத் தலைப்பக்கம் பதித்துப் படுக்கவைத்து, ஊசி போட்டு, வீக்கத்தை உள்ளே தள்ளிப் பார்த்தார். போகவில்லை. சற்று நேரத்தில் சத்திரசிகிச்சை நிபுணர் வந்தார். சிங்களவர். ஆனால் சொல்லுக்குச் சொல் நிறுத்தித் தெளிவாகத் தமிழ் கதைத்தார். வெளியே வந்த குடல் அந்தச் சின்ன ஓட்டையில் நெரிபட்டுவிட்டது, அதற்கு இரத்தம் போகவில்லை, உடனே திறக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினார்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? வீட்டுக்குப் போய், மனைவி வந்ததும் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் பின்னேரம் வரட்டுமா என்று கேட்டேன். எழும்பி நிற்கவே ஏலாதவன் கேட்ட கேள்வி அது. அவர் கோபிக்கவில்லை.

"பின்னேரம் வந்தால், குடலின்ர ஒரு துண்டை நான் வெட்டி எறிய வேண்டி வரும். ராத்திரி வந்தால், உங்களைக் காப்பாற்ற ஏலுமோ எண்டு எனக்குத் தெரியாது. உங்கட மகனுக்கு எது நல்லம்?"

ஓட்டோக்காரத் தம்பி என் போனைக் கொண்டுவந்து தந்திருந்தான். சுகந்திக்கு அடித்தேன். அன்று பஸ் சுணங்கி, அப்போதுதான் கிண்ணியாப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. காற்று இரைச்சலில் அரைவாசிதான் அவளுக்குக் கேட்டது. அந்த அரைவாசி போதும், இறங்கி மறுபஸ் பிடிக்கிறேன் என்றாள். பிறகு வீட்டில் நின்ற பாக்கியம் அக்காவின் போனுக்கு அடித்தேன். அவ அதைக் கபிலனின் காதில் வைத்தா. அப்பாவுக்கு ஒப்பரேசனாம், அம்மா வந்துகொண்டிருக்கிறா, நான் இன்றைக்கு வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவனோடு போனில் கதைப்பதென்றால் காத்திருக்க வேண்டும். சுற்றி நின்ற தாதிகளும் என்னோடு சேர்ந்து காத்திருந்தார்கள்.

"நோ... வுதா?" என்றான்.

"ஓம், நோவுது."

இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன்.

"செய்... யுங்கோ."

சம்மதக் கடுதாசியில் கையெழுத்து வைத்தேன். அந்தச் சொல் வந்திராவிட்டால் வைத்திருப்பேனா என்று இப்போது கேட்டால், வைத்திருப்பேன் என்றுதான் சொல்வேன். ஆனால் உடனே வைத்ததற்குக் காரணம் அவன்.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் முதுகெலும்பில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்கப் பண்ணுகிற ஊசி. மயக்கமில்லை, எல்லாம் கேட்கும், தெரியும், நோவு மட்டும் இராது. குனிந்து முதுகை வளைத்து இருக்கச் சொன்னார்கள். கால் முதலில் சூடாகியது, பிறகு கனத்தது, பிறகு இல்லாமல் போனது. பெருவிரலை ஆட்டப் பார்த்தேன். அது யாரோ வேறு ஆளின் விரல்போலக் கிடந்தது.

அந்த வேளையில் நடந்த ஒரு சின்ன விசயம்தான் இந்த எழுத்துக்கே காரணம். என்னை மேசையில் சரியான இடத்துக்கு நகர்த்த வேண்டியிருந்தது. யாரோ ஒருவரின் கை என் தோளுக்கு அடியில் போனது, இன்னொருவரின் கை தொடைக்கு அடியில். தொடையில் பட்டது எனக்குத் தெரியாது, பார்த்துத்தான் அறிந்தேன். "ஒண்டு, ரெண்டு" என்றார்கள். மூன்று வருமுன்னரே நான் காற்றில் இருந்தேன். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் கை இரண்டும் தாமாக விரிந்து எதையாவது பிடிக்கத் தேடின. அவர்கள் ஒரு பிழையும் விடவில்லை. பத்திரமாகத்தான் தூக்கினார்கள், பத்திரமாகத்தான் வைத்தார்கள். எனக்குத்தான் பயம். விழமாட்டேன் என்று தெரிந்துகொண்டே பயம்.

எல்லாம் முடிந்து வாட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் மாற்றும்போது வேறொருவர் வந்தார். "அண்ணை, இப்ப உங்களைத் தூக்கப் போறம். கை ரெண்டையும் நெஞ்சில வையுங்கோ. சரியா?" என்று கேட்டுவிட்டு, நான் சரி என்ற பிறகு தூக்கினார். அப்போது பயமே இல்லை. அதே பாரம், அதே உயரம். கேட்டுவிட்டுத் தூக்கினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கட்டிலில் கிடந்து அதையே யோசித்தேன். கபிலனைத் தூக்கும்போதெல்லாம் அவன் கைகள் விறைத்து விரியும், கால்கள் கத்திரிக்கோல்போல் குறுக்கே மாறி இறுகும். அது நோயின் குணம் என்று பதின்மூன்று வருடமாக நினைத்திருந்தேன். இன்றைக்கு என் கையும் அப்படித்தானே விரிந்தது?

குடல் தப்பிவிட்டது. திறந்தபோது நீலம் பாரித்துக் கிடந்ததாம். சுடுதண்ணீரில் நனைத்த துணியால் மூடிவைத்துப் பார்க்க, கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியதாம். ஓட்டை இருந்த இடத்தில் மெல்லிய வலை ஒன்றை வைத்துத் தைத்திருந்தார்கள். சதை அந்த வலையைப் பிடித்து வளர்ந்து சுவர் பலமாகும்.

பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் சுகந்தி வந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய சேலையோடுதான் நின்றாள். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் தலைமாட்டில் நின்று என் தலைமயிரைக் கையால் வாரிவிட்டாள், அவ்வளவுதான். கபில் சாப்பிட்டானா என்றேன். பாக்கியம் அக்கா இடியப்பம் தீத்தினா, வழமையைவிடக் கூடச் சாப்பிட்டான் என்றாள். என் கையால் அல்லாமல் யார் கையாலும் சரியாகச் சாப்பிட மாட்டான் என்று நான் உலகத்துக்கே சொல்லித் திரிந்தவன். சந்தோசம் முக்கால்வாசி, மிச்சம் கால்வாசிக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. சுகந்திக்குத் தெரிந்திருக்கும், சிரித்தாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த நஸீர் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் கடற்தொழில் செய்தவர். இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தத்தில் காலில் புண் வந்து படுத்திருந்தார். வீட்டிலிருந்து மீன் ஆணம் என்கிற குழம்பும் சோறும் வரும். எனக்குத் தராமல் அவர் சாப்பிட்டதில்லை, எனக்குக் கஞ்சி மட்டும்தான் என்று தாதி சொன்ன அன்றைக்குத் தவிர. எனக்கு வைத்த வலையைப் பற்றிக் கேள்விப்பட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்களுக்கு வல போட்டிரிக்காங்களாமே. என்ன கண்ணு?"

வலை ஓட்டையின் அளவைக் கேட்கிறார். தெரியாது என்றேன்.

"சின்னக் கண்ணாத்தான் இரிக்கணும். பெரிய கண்ணெண்டா குடல் தப்பிப் போயிரும்."

சிரிக்காமல் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். தைத்த இடம் பிரிவதுபோல் நொந்தது. சிரிப்பு, இருமல், தும்மல் மூன்றுக்கும் தலையணையைக் காயத்தின் மேல் அமத்திப் பிடிக்க வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன். நானா பக்கத்தில் இருந்த நாட்கள் முழுக்கத் தலையணை என் வயிற்றில்தான் இருந்தது.

இரவுகள் நீளமானவை. வாட்டில் விளக்கு முழுதாக அணைவதில்லை. மூலையில் ஒரு மின்விசிறி கறகறவென்று சுத்தும். அந்தச் சத்தத்தில் அதன் எந்தப் பகுதி தேய்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், எழும்பிப் போய்த் திருத்த ஏலாது. தாதி வந்து இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினா. எனக்கு அழுத்தம் இருக்கிறது, எப்போதிருந்தோ இருந்திருக்கிறது, பார்த்தவன் யார்? கபிலனின் ஒரு கிளினிக்கையும் நான் தவறவிட்டதில்லை. அவன் காய்ச்சல் எந்த மாதம் வந்தது என்று கேட்டால் சொல்வேன். என் அழுத்தத்தை அளக்க மட்டும் குடல் நெரிபட வேண்டியிருந்தது. இப்போது தினமும் ஒரு குளிசை. உங்கள் பிள்ளையின் கிளினிக் திகதியைக் கலண்டரில் வட்டம் போடும்போது உங்களுடையதையும் போடுங்கள். வேறு பெரிய புத்திமதி என்னிடம் இல்லை.

அடுத்த நாள் பிசியோதெரபி மிஸ் வந்து என்னை எழுப்பி நடக்கவைத்தா. பக்கவாட்டில் திரும்பி, முழங்கையை ஊன்றி, வயிற்றை இழுக்காமல் எழும்புகிற விதத்தைக் காட்டினா. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. மகனைப் பற்றிச் சொன்னேன். தூக்காமல் ஒரு பிள்ளையை இடம் மாற்ற ஏலுமா என்று கேட்டேன். அவ பல கேள்வி கேட்டா: கால் பாதம் நிலத்தில் முழுதாகப் பதியுமா, வலது கைக்குப் பிடி இருக்கிறதா, சொன்னால் விளங்குமா. எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். கடைசியாக, பிள்ளை கடைசியாக எப்போது காலில் நின்றான் என்று கேட்டா. வருடங்களை எண்ணிப் பார்த்தேன். சின்னவனாக இருந்தபோது பலகையில் கட்டி நிற்பாட்டிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பிறகு தூக்குவது லேசாக இருந்தது, தூக்கினோம். கூட்டிக்கொண்டு வாங்கோ, பார்ப்பம் என்றா.

வீட்டுக்கு வந்த அன்று கபிலன் முன்னறையில், வாசலைப் பார்த்தபடி இருந்தான். நான் நடந்து வந்த விதத்தைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு. உண்மைதான், நண்டுபோல்தான் நடந்தேன். என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, அவனை நாற்காலியோடு கொண்டுவந்து பக்கத்தில் விட்டுவிட்டுச் சுகந்தி சமைக்கக் குசினிக்குப் போனாள். நான் ஆஸ்பத்திரியில் யோசித்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"கபில், அப்பா உன்னைத் தூக்கேக்க பயமா இருக்குமா?"

கண்ணை முகட்டுக்கு உயர்த்தினான். சொல் தேடும்போது அப்படித்தான் செய்வான்.

"ஓம்."

"எப்ப?"

"எப்... பவும்."

என் முகத்தைப் பார்த்திருப்பான் போலிருக்கிறது, எனக்கு ஆறுதலாக இன்னும் சொன்னான். ஒவ்வொரு சொல்லாக, இடையில் மூச்செடுத்து. விழ மாட்டேன் என்று தெரியும், என்றாலும் பயம்.

அன்றே வீட்டில் ஒரு சட்டம் வந்தது. கபிலனைத் தொடுகிற யாரும் முதலில் சொல்ல வேண்டும். அவன் "ம்" என்ற பிறகுதான் தூக்க வேண்டும். சுகந்திக்கும் பாக்கியம் அக்காவுக்கும் அந்த ஓட்டோக்காரத் தம்பிக்கும் அதே சட்டம். முதல் இரண்டு நாளிலேயே வித்தியாசம் தெரிந்தது. அவன் "ம்" சொல்லித் தூக்கினால் கால்கள் அவ்வளவு இறுகுவதில்லை. இறுகாத பிள்ளை பாரமும் குறைவு என்று பாக்கியம் அக்கா சொன்னா.

சுகந்தி லீவு எடுத்துக்கொண்டு கபிலனைப் பிசியோதெரபி மிஸ்ஸிடம் கூட்டிப் போனாள். தச்சரிடம் சொல்லி ஒரு வழுவழுப்பான பலகை செய்தோம். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் பாலம்போல் வைத்து, அதன்மேல் சறுக்கிப் போவதற்கு. குளியலறைச் சுவரில் இரும்புக் குழாய் ஒன்றைக் கைபிடியாகப் பூட்டினோம். பாதத்தை நிலத்தில் ஊன்றி, மூக்கு முழங்காலைத் தாண்டும்வரை முன்னுக்குச் சாய்ந்து, கையால் பிடியை இழுத்து எழும்ப வேண்டும் என்று மிஸ் பழக்கினா. நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பதைப்போல ஒரு கடினமான வேலையை நான் செய்ததில்லை.

மூன்றாம் கிழமை ஒருநாள் பலகை நகர்ந்துவிட்டது. சுகந்தி ஒரு பக்கம் பிடித்திருக்க, கபிலன் மற்றப் பக்கம் சரிந்து கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையில் விழுந்தான். உதடு வெடித்து இரத்தம் வந்தது. நான் எழும்பியதும் தெரியாது, குனிந்ததும் தெரியாது. கையை அவன் தோளுக்குக் கீழே கொடுத்துவிட்டேன்.

"தொடாதேங்கோ" என்றாள் சுகந்தி. வகுப்பில் கதைக்கிற குரல். "இப்ப நீங்கள் தூக்கினா, பிறகு நான் ரெண்டு பேரைத் தூக்க வேணும்."

கையை எடுத்தேன். கபிலனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். சுகந்தி அவன் உதட்டைத் துடைத்துவிட்டுப் பாக்கியம் அக்காவைக் கூப்பிட்டாள். இருவரும் அவனைப் போர்வையில் உருட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலில் ஏற்றினார்கள். இன்றைக்கு இத்துடன் போதும் என்றேன். கபிலன் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தான்.

"திரும்ப" என்றான்.

திரும்பவும் செய்தார்கள். இந்த முறை பலகையின் அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டச் சொன்னேன். வழுக்கவில்லை. எனக்கும் அன்று ஒரு வேலை கிடைத்த திருப்தி.

அந்தக் கிழமைகளில் நான் ஓய்வெடுக்கப் பழகினேன். மத்தியானம் படுத்தேன். சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிட்டேன். அதற்கு முன்னர் கபிலனுக்குத் தீத்திவிட்டு, மிச்சத்தைக் குசினியில் நின்றபடி வாயில் போடுவதுதான் என் மத்தியானச் சாப்பாடு. மிஸ் நடக்கச் சொன்னபடியால் பின்னேரங்களில் துறைமுகப் பக்கம் போகிற வீதியில் நடந்தேன். முதல் நாட்களில் பாதி வழியில் மனம் திரும்பச் சொல்லும், பிள்ளை தேடுவானே என்று. ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால், கபிலன் ரேடியோவில் மட்ச் கேட்டுக்கொண்டிருந்தான். நான் வந்ததையே கவனிக்கவில்லை. அடுத்த நாள் கப்பல் நிற்கிற இடம்வரை நடந்துவிட்டு வந்தேன்.

ஆறு கிழமை முடிந்து கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் காயத்தைத் தடவி, இருமச் சொல்லிப் பார்த்தார். சுவர் நல்ல பலம், இனிப் பாரம் தூக்கலாம், ஆனால் அளவோடு என்றார். வாங்கில் காத்திருந்த வேளையில் நஸீர் நானாவுக்குப் போன் அடித்துச் சொன்னேன். அவருடைய புண்ணும் மூடிவிட்டதாம், நடக்கிறாராம். ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். சுகந்தி மூதூருக்குப் போகத் தொடங்கியிருந்தாள். பாக்கியம் அக்கா கபிலனைப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் வந்ததும் அவ வீட்டுக்குப் போனா.

கபிலனுக்குக் குளிக்கிற நேரம். குளியலறைக்குக் கொண்டுபோய்ப் பிரேக்கைப் போட்டுவிட்டு, டொக்டர் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். "இனி அப்பா தூக்கலாமாம்" என்றேன். சொல்லும்போதே குனிந்து கைகளை அவன் கக்கத்துக்கு அடியில் கொடுத்துவிட்டேன். பழைய பழக்கம். அவனுக்குச் சந்தோசமாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவன் வலது கையை என் நெஞ்சில் வைத்துத் தள்ளினான்.

"தூக்காதேங்கோ" என்றான். மூச்செடுத்தான். "பிடி... யுங்கோ."

நான் கையை எடுத்தேன். அவன் குழாயைப் பிடித்தான். பாதம் இரண்டையும் நான் சரியாக வைத்துவிட்டேன். முன்னுக்குச் சாய்ந்தான், மூக்கு முழங்காலைத் தாண்டியது. "ம்" என்றான். நான் அவன் இடுப்பை இரு பக்கமும் பிடித்தேன். தூக்கவில்லை, பிடித்தேன். கால்கள் நடுங்கின, முழங்கால் மடங்கியபடிதான் இருந்தது, ஆனால் எழும்பினான். எழும்பி என்னோடு சாய்ந்து நின்றான். ஈர மூச்சு என் கழுத்தில் பட்டது. அவன் தலை என் தாடைக்கு வந்தது.

அவனைப் படுத்தபடி அளந்திருக்கிறோம், கிளினிக்கில் நிறை பார்த்திருக்கிறோம், அவன் பாரம் என் முதுகுக்குத் தெரியும். என் பிள்ளை எவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"அப்பா, கெதியா இருத்துங்கோ" என்றான், "கால் நோவுது."